ஜிபார் வராத நாட்கள்

நாரின் நகரத்துக்குப் போகும் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மெலிஸ், அன்று காலை தன் சின்ன மகளை மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தான். பெரியவள் ஜிபார் அவர்களோடு வரவில்லை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்ததால் வாசலில் ஒற்றையடிப் பாதைதான் வெட்டி விட்டிருந்தார்கள். மெலிஸ் முன்னால் நடக்க, குமுஷாய் பின்னால் வந்தாள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை, கோட்டுக் கையின் நுனியைத்தான் பிடித்திருந்தான். கையைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அனார்கான் வாசலிலேயே அவர்களைப் பார்த்துவிட்டாள்.

“எங்க ஜிபார்?”

“ஆஸ்பத்திரியில அக்கா. குடல்வால். நேத்து நாரினுக்குக் கொண்டு போனதும் ஆபரேஷன் பண்ணிட்டாங்க. அவ அம்மா ஜுமாகுல் கூட இருக்கா.”

“அடக் கடவுளே! இப்ப எப்படி இருக்கா?”

“கண்டத்தத் தாண்டிட்டாளாம். ஜுமாகுல டாக்டர் ஏதோ பயங்கரமாத் திட்டினாராம். அழுதுகிட்டே சொன்னா, போன்ல ஒண்ணும் சரியாக் கேக்கல.” மெலிஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். “இவள வீட்டுல விட ஆளில்ல. கடையத் தொறக்காம இருக்கவும் முடியாது. டோலோன் கணவாய்ல பனி. லாரிக்காரங்க எல்லாம் சங்கிலி மாட்ட என்கிட்டதான் வருவாங்க.”

“அதுக்கென்ன தம்பி, விட்டுட்டுப் போ. குமுஷாயால எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.”

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

குமுஷாய்க்கு ஆட்டிசம் என்று பிஷ்கெக் டாக்டர் ஒருவர் அவளுடைய நாலு வயதில் சொன்னார். பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது, இவளுக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் வேண்டும் என்று பிள்ளைகளைச் சோதிக்கும் கமிஷன் எழுதிக் கொடுத்தது. பள்ளியில் அப்படியொரு வேலையே இல்லை. அப்போது மெலிஸ்தான் வழி சொன்னான். “அக்காக்காரி கூட இருப்பா. அவளையும் இன்னும் சேர்க்கல. இதுக்குன்னே ஒரு வருஷம் வீட்டுல நிறுத்தி வச்சிருக்கேன்.” இப்படி அக்கா தங்கை இரண்டு பேரும் ஒன்றாகவே முதல் வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து சுவரோரம் இரண்டாவது பெஞ்சு அவர்களுடையது.

அதற்குப் பிறகு அனார்கானுக்குக் கவலையே இல்லாமல் போயிற்று. குமுஷாயிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜிபாரிடம் சொல்வாள். குமுஷாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் ஜிபார் வந்து சொல்வாள். மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தால் இந்த வகுப்பைத்தான் காட்டுவார்கள். “என் வகுப்புல அப்படி ஒரு பிள்ளை இருக்கு. ஆனா இருக்கறதே தெரியாது” என்று அனார்கான் கூட்டங்களில் சொல்வாள். மற்ற டீச்சர்கள் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அன்று காலை குமுஷாய் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உட்காரவில்லை. கோட்டையும் கழற்றவில்லை. பக்கத்து இடம் காலியாக இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம் போல என்று அனார்கான் நினைத்துக்கொண்டாள். முன் பெஞ்சிலிருந்து ரயானாவை எழுப்பி ஜிபாரின் இடத்தில் உட்கார வைத்தாள். ரயானா சாதுவான பெண்.

குமுஷாய் சத்தமாகச் சொன்னாள்: “பிஷ்கெக், பிஷ்கெக், ஒரே ஆளு!”

வகுப்பு மொத்தமும் சிரித்தது. பஜார் முனையில் டாக்சிக்காரர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படித்தான் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு இடம் பாக்கி, ஆள் ஏறினால் வண்டி கிளம்பிவிடும். குமுஷாய்க்குப் பேச்சு குறைவு. பேசினாலும் எங்கேயோ கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வாள்.

“பிஷ்கெக், பிஷ்கெக், ஒரே ஆளு! ஒரே ஆளு!”

“நாம பிஷ்கெக் போகல கண்ணு, கணக்குப் போடப் போறோம்” என்றாள் அனார்கான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. குமுஷாய் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

அப்போது மணி அடித்தது. கதவுக்கு மேலேயே பொருத்தியிருக்கும் மின்சார மணி.

குமுஷாய் அலறினாள். அந்த அலறலை அந்த வகுப்பில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள். பெஞ்சு சாய்ந்தது. அனார்கான் ஓடிப் போய் அவளை இறுகக் கட்டிப்பிடித்தாள். அழுகிற குழந்தைக்கு வேறென்ன செய்வது? குமுஷாய் மீனைப் போல நழுவிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவளைக் கண்டுபிடிப்பதற்குள் பள்ளிக்கூடமே கலங்கிவிட்டது. கொதிகலன் அறைக்குப் பின்னால், நிலக்கரிக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில், சூடான செங்கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் கிட்ட நெருங்க விடவில்லை. மெலிஸ் கிரீஸ் கையோடு வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்சம் தள்ளிப் பனியில் உட்கார்ந்தான். நெடுநேரம் கழித்து அவள் எழுந்து வந்து அவன் கோட்டு நுனியைப் பிடித்தாள்.

துணைத் தலைமையாசிரியை ரைகானுக்கு அன்று ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது.

“ஜிபார் வர்ற வரைக்கும் இவ வீட்டுலயே இருக்கட்டும் அனார்கான். எல்லாருக்கும் அதான் நல்லது.”

அனார்கான் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் ஜுமாகுலுக்குப் போன் போட்டாள். ஜிபாரின் நலம் விசாரிப்பதாகத்தான் பேச்சை ஆரம்பித்தாள். உண்மையில் அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. ஜுமாகுல் போனை மகளிடம் கொடுத்தாள்.

“அக்கா, குமுஷாய் அழுதாளா?” அதுதான் ஜிபாரின் முதல் கேள்வி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

“கொஞ்சம் அழுதா. ஜிபார், நீ அவகிட்ட என்னதான்மா பண்ணுவ? எப்படி உக்கார வைப்ப?”

ஜிபார் சொல்லத் தொடங்கினாள். நெடுநாளாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் போல மூச்சுவிடாமல் சொன்னாள்.

“பெல்லு அடிக்கறதுக்கு முன்னாடி சுவத்துல டிக்குன்னு ஒரு சத்தம் வரும் அக்கா. ரொம்ப சின்னதா. அந்த நிமிஷமே அவ காதப் பொத்திடணும். அதனால அந்த டிக்குக்காகக் காத்துக்கிட்டே இருக்கணும். நீங்க பாடம் சொல்றத ரொம்பக் கேக்கக் கூடாது, கேட்டா அது தவறிப் போயிடும். அப்புறம் நோட்டுல முதல் எழுத்த நான் எழுதணும். அப்பதான் அவ மீதிய எழுதுவா. சூப்புல வெங்காயம் மிதந்தா எடுத்துடணும். விளையாட விட்டா அவ வேலி ஓரமாத்தான் நடப்பா. நானும் கூடவே நடக்கணும், இல்லேன்னா பெரிய பசங்க தொப்பியப் பிடுங்குவாங்க…”

அனார்கான் கையில் கிடைத்த காகிதத்தில் வேகவேகமாகக் குறித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஜிபாருக்கு இருமல் வந்தது. தையல் வலித்திருக்க வேண்டும், மெல்ல முனகினாள். ஜுமாகுல் போனை வாங்கிக்கொண்டாள்.

“டாக்டர் என்னை என்ன கேள்வி கேட்டாரு தெரியுமா அக்கா? ரெண்டு மூணு நாளாவே இந்தப் பிள்ளைக்கு வலி இருந்திருக்கு, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னாரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்குமாம். இவகிட்ட ஏன்டி சொல்லலேன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை குமுஷாய்க்குப் பரீட்சை இருந்துச்சு, நான் வரலேன்னா அவ எழுத மாட்டாங்கறா.”

அனார்கான் பேனாவைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜிபார் அடிக்கடி நெற்றியைப் பெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள். “ஜிபார், நேரா உக்காரு” என்று அனார்கான் சொன்னாள். அவளும் நேராக உட்கார்ந்தாள்.

“அம்மா, குடுங்க, இன்னும் ஒண்ணு சொல்லணும்” என்று பின்னால் ஜிபாரின் குரல் கேட்டது.

“வேண்டாம் ஜுமாகுல். அவளத் தூங்கச் சொல்லு. நான் பாத்துக்கறேன்னு சொல்லு.”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குறித்து வைத்த காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். அதில் இருந்ததெல்லாம் ஜிபார் என்ன செய்வாள் என்பதுதான். அவளுடைய இடத்தில் இன்னொரு ஜிபாரைக் கொண்டுவந்து உட்கார வைக்கத்தான் அது உதவும். ரயானாவுக்கும் ஒன்பது வயதுதான். அனார்கான் அதைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் பஞ்சர் கடைக்குப் போனாள். கடை என்றால் ஒரு பழைய ரயில் பெட்டியும், அதன் முன்னால் ஒரு தகரக் கூரையும்தான். உள்ளே ஒரு பழைய டயரின் மேல் குமுஷாய் உட்கார்ந்திருந்தாள். எதிரே காற்றழுத்தும் இயந்திரம். அது ஓடத் தொடங்கினால் தகரக் கூரையே அதிரும். பள்ளி மணியெல்லாம் அதற்கு முன்னால் கொசு.

“இந்தச் சத்தத்துல எப்படித் தம்பி இவள வச்சிருக்க?”

“இது அவளுக்கு ஒண்ணும் பண்ணாது அக்கா. பழகிடுச்சு.”

அனார்கான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மெலிஸ் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் குமுஷாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வருஷத்தில் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பார்த்ததெல்லாம் ஜிபாரைத்தான்.

குமுஷாயின் கண் இயந்திரத்தில் காற்றின் அழுத்தம் காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. மெலிஸ் டயருக்குக் காற்று விட விட முள் இறங்கியது. ஒரு குறிக்கு அருகில் வந்ததும் அவள் நிதானமாக இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். உடனே இயந்திரம் உறுமத் தொடங்கியது. அது நின்றதும் கைகளை எடுத்தாள். அனார்கான் இதையே பல தடவை பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“மெலிஸ், இத நீ கவனிச்சியா? சத்தம் எப்ப வரும்னு அவளுக்கு முன்னாடியே தெரியுது. அதான் பயமில்ல.”

மெலிஸ் கையிலிருந்த ஸ்பானரோடு நின்று பார்த்தான். “பழகிடுச்சுன்னுதான நெனச்சேன். நான் இதப் பாத்ததே இல்லையே அக்கா.”

அந்த நேரத்தில் லாரிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். உருவத்துக்கேற்ற குரல். கணவாயில் வண்டி வழுக்கிய கதையை மூன்று பேருக்குக் கேட்கிற மாதிரி இல்லாமல் முப்பது பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். குமுஷாய் எழுந்தாள். “பிஷ்கெக், பிஷ்கெக், ஒரே ஆளு” என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெலிஸ் சிரித்தான். “யாராவது ரொம்பப் பேசினா எங்க பொண்ணு பிஷ்கெக் கிளம்பிடுவா.”

அனார்கான் சிரிக்கவில்லை. “அன்னைக்கு என்கிட்ட அதைத்தான் கேட்டிருக்கா தம்பி. வெளிய போகணும், வெளிய போகணும்னு எத்தனை தடவ கேட்டா! நாங்க எல்லாரும் சிரிச்சோம்.”

ரைகானைச் சம்மதிக்க வைப்பது லேசாக இருக்கவில்லை.

“மறுபடி ஓடிப் போய்ப் பனியில விறைச்சுட்டான்னா யாரு பதில் சொல்றது? நீயா, நானா?”

“ஓடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் அக்கா ஓடினா. நமக்குத்தான் காது கேக்கல.”

“கவிதையெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் பாப்பேன். அதுக்கு மேல என்கிட்ட வராத.”

குமுஷாய் திரும்பி வருவதற்கு முந்தின நாள் அனார்கான் வகுப்பில் பாடத்தை மூடி வைத்துவிட்டு, “உங்களுக்கெல்லாம் எந்தச் சத்தம் பிடிக்காது?” என்று கேட்டாள். சாக்பீஸ் கீச்சிடுவது என்றார்கள். பல் டாக்டரின் இயந்திரம் என்றார்கள். பின் பெஞ்சு உர்மத் எழுந்து, “எங்கப்பா குறட்டை” என்றான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சொன்னாள்: “குமுஷாய்க்கு நம்ம பெல்லு அப்படி. ஆனா எப்ப அடிக்கும்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியும். அவளுக்கு எப்படித் தெரியப்படுத்தலாம்?”

கடிகாரம் வைக்கலாம் என்று சொன்னது ரயானா. அனார்கான் தன் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து குமுஷாயின் எதிர்ச் சுவரில் மாட்டினாள். மணி அடிக்கும் இடங்களிலெல்லாம் சிவப்புக் காகிதத் துண்டுகளை ஒட்டினார்கள்.

“கடிகாரத்துக்கு அம்மை போட்டிருக்கு” என்றான் உர்மத்.

அடுத்து என்ன பாடம் என்பதும் அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்குக் கரும்பலகையின் ஓரத்தில் படங்கள் ஒட்டலாம் என்று முடிவாயிற்று. உர்மத்துக்கு வரையும் வேலை கொடுத்தார்கள். கணக்குக்கு எண்கள், சாப்பாட்டுக்கு ரொட்டி. உடற்பயிற்சிக்கு, தொப்பையும் ஊதலுமாக உடற்பயிற்சி ஆசிரியரையே வரைந்து வைத்தான். அவர் எதற்கோ வகுப்புக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு முகம் சிவந்து, “என் வயிறு இவ்வளவு பெருசாடா?” என்றார். பிள்ளைகள் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அது என்னவென்று அனார்கான் விளக்கிய பிறகு அவர் கொஞ்ச நேரம் நின்று படத்தையே பார்த்தார். “ஊதல நான் அவ பக்கத்துல நின்னுதான் ஊதறேன். இனிமே கையக் காட்டறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குமுஷாய் வந்தாள். முதல் நாள் முழுக்கக் கோட்டோடு நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முதல் மணிக்கு அலறினாள், இரண்டாவதுக்கும் அலறினாள். ஆனால் ஓடவில்லை. முள் சிவப்பை நெருங்கும்போதெல்லாம் அனார்கான் பாடத்தை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் காதுகளைப் பொத்திக்கொள்வாள். பிள்ளைகளும் பொத்திக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்த்த ரைகானுக்கு ஒட்டுமொத்த வகுப்புக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று தோன்றியிருக்கும். ஆனால் உள்ளே வராமல் நடந்துவிட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் குமுஷாய் தானாகவே காதைப் பொத்திக்கொண்டாள். கோட்டையும் கழற்றினாள்.

எழுத்து மட்டும் வரவில்லை. முதல் எழுத்தை அனார்கான் எழுதிக் கொடுத்தால் அதை அழித்துவிடுவாள். ஜிபாரின் கையெழுத்தாக இருக்க வேண்டும் போல. ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் ஓட்டையானது. அனார்கான் இரண்டு தடவை பொறுமை இழந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள், பிறகு வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் எழுத்து அச்சடித்த அட்டைகளைக் கொண்டுவந்து பரப்பினாள். குமுஷாய் அவற்றில் ஒன்றை எடுத்து நோட்டின் ஓரத்தில் வைத்து, அதைப் பார்த்து அடுத்ததை எழுதினாள். அது சரியான வழியா என்று அனார்கானுக்குத் தெரியாது. நடந்தவரை லாபம் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மின்சாரம் போயிற்று. மணி அடிக்கவில்லை. காவலாளி கையில் பித்தளை மணியை எடுத்துக்கொண்டு, தனக்குத் தோன்றிய நேரத்தில் நடைக்கூடம் முழுக்க ஆட்டிக்கொண்டே போனார். கடிகாரத்தில் முள் சிவப்பைத் தொட இன்னும் நேரம் இருந்தது. குமுஷாயின் முகம் வெளுத்தது. பெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “ஒரே ஆளு… ஒரே ஆளு…” என்றாள். குரல் உடைந்திருந்தது. அனார்கான் பலகைப் பக்கம் நின்றிருந்தாள். அவள் திரும்புவதற்குள் உர்மத் எழுந்து போய்க் கதவைத் திறந்து, கதவோடு கதவாக ஒட்டி வழிவிட்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை. குமுஷாய் வெளியே போய், கோட்டுகள் தொங்கும் அறையில் கோட்டுகளுக்குள் புகுந்து நின்றாள். அனார்கான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டாள், கிட்டப் போகவில்லை. அடுத்த பாடம் பாதியில் இருக்கும்போது குமுஷாய் தானாக உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

குளிர்கால விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜிபார் வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பிள்ளைகள் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூச்சை அடக்கிச் சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள். டிக் என்ற சத்தம் வந்ததும் அவளுடைய கை பழக்கத்தில் குமுஷாயின் காதுக்குப் போயிற்று. குமுஷாய் கடிகாரத்தைப் பார்த்து அதற்குள் தானே காதைப் பொத்தியிருந்தாள். அக்காவின் கையைத் தள்ளிவிட்டாள்.

ஜிபார் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பாடத்தில் அனார்கான் அவளை வாசிக்கச் சொன்னாள். கொக்குகள் ஏரிக்குத் திரும்பி வருவதைப் பற்றி ஒரு சின்னப் பாடம். ஜிபார் எழுந்து நின்று விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு எவ்வளவோ நேரம் ஆயிற்று. முதல் வகுப்புப் பிள்ளை வாசிப்பது போல இருந்தது. இதுவரை அவள் ஜிபாரை வாசிக்கச் சொன்னதே இல்லை. ஜிபார் எப்போதும் வேலையாக இருப்பாள், எதற்கு அவளைத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிடுவாள். மதிப்பெண் மட்டும் தாராளமாகப் போட்டுவிடுவாள்.

இடைவேளையில் ஜிபார் கோட்டு அறையில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அனார்கான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டீங்க” என்றாள் ஜிபார். குரலில் கோபம்தான் அதிகம்.

“ஆமா.”

“அவ என் கையத் தள்ளிவிட்டா.”

“பாத்தேன்.”

“அப்ப நான் எதுக்கு?”

அனார்கான் கீழே கிடந்த ஒரு கோட்டை எடுத்து மாட்டினாள். “நீ இத்தன நாளும் என் வேலையப் பாத்துட்டு இருந்த ஜிபார். நானும் நிம்மதியா இருந்துட்டேன். இனிமே என் வேலைய நான் பாக்கறேன். நீ உன் வேலையப் பாரு.”

“என் வேலைன்னா?”

“வாசிக்கறது. அதுக்குத் தினமும் பள்ளி விட்டதும் என்கூட உக்காரு. அப்புறம் இடைவேளையில விளையாடறது.”

ஜிபார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு விளையாடத் தெரியாது அக்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் அனார்கான் மெலிஸையும் ஜுமாகுலையும் வரச் சொன்னாள். இரண்டு பெண்களையும் தனித்தனி பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் மெலிஸ் எழுந்துவிட்டான்.

“எதுக்கு அக்கா? இதுக்குத்தான அவள ஒரு வருஷம் நிறுத்தி வச்சேன்! இப்ப எல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் நல்லா நடக்கட்டுமே. அக்காவும் இருக்கட்டும், கடிகாரமும் இருக்கட்டும்.”

“உக்காரு மெலிஸ்” என்றாள் ஜுமாகுல்.

“நீ சும்மா இரு. நாளைக்கு நாம போயிட்டா அவள யாரு பாப்பா? இவதான பாக்கணும்? இப்பவே பழகினாத்தான…”

“எனக்கு ரெண்டு பொண்ணு மெலிஸ். ஒரு பொண்ணும் அவளுக்கு ஒரு ஆயாவும் இல்ல.” ஜுமாகுல் குரலை உயர்த்தவில்லை. “வயித்தப் புடிச்சுக்கிட்டு என் பிள்ள பரீட்சைக்குக் காவல் உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரியில தூக்கத்துல கைய நீட்டி நீட்டித் தலகாணியப் பொத்தறா. காதுன்னு நெனச்சுக்கிட்டு. நீ அதப் பாக்கல. நான் பாத்தேன்.”

மெலிஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு விரல் ரேகைகளில் படிந்திருந்தது.

“நாம போனப்புறம்?” என்று மறுபடி கேட்டான். இப்போது அது வாதமாக இல்லை.

“அத யோசிக்க நமக்கு வயசு இருக்கு. அவ பத்து வயசுல யோசிக்க வேண்டாம்.”



விடுமுறை முடிந்து வந்ததும் ஜிபார் ஜன்னல் ஓரம் ரயானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமுஷாய்க்கு அது சுலபமாக இருக்கவில்லை. சில நாட்கள் அக்காவின் புது இடத்துக்குப் போய் நின்றுகொண்டு அசையவே மாட்டாள். ஒருநாள் மறுபடி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். ஜிபார் பாதி எழுந்தாள், அனார்கான் கண்ணால் உட்காரச் சொன்னாள். இரண்டு பேருக்குமே அது வலித்தது. கடைசியில் குமுஷாயே தனக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். ஒவ்வொரு பாடம் தொடங்கும்போதும் எழுந்து போய் ஜிபாரின் பெஞ்சை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வருவாள். யாரும் அதைத் தடுக்கவில்லை.

உதவியாள் ஒருவர் வேண்டும் என்று ரைகான் மாவட்டத்துக்கு எழுதிப் போட்டாள். நினைவூட்டியும் எழுதினாள். இன்னும் பதில் இல்லை. அடுத்த முறை அதிகாரிகள் வந்தபோது அனார்கான் பழைய மாதிரிப் பெருமை பேசவில்லை. “எனக்குத் தெரியாதது நிறைய இருக்கு. யாராவது சொல்லிக் கொடுத்தா நல்லது” என்றாள். அவர்கள் கடிகாரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜிபாரின் வாசிப்பு மெதுவாகத்தான் முன்னேறியது. வசந்தம் வந்து முற்றத்துப் பனி உருகியபோது, சிறு பத்திகளைத் திக்காமல் வாசித்தாள்.

ஒருநாள் இடைவேளையில் அனார்கான் ஜன்னலருகில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பெண் பிள்ளைகள் ஆட்டு எலும்புக் காய்களை வைத்துச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜிபாரும் அவர்களோடு இருந்தாள். குமுஷாய் வேலியைத் தொட்டுக்கொண்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஊர்க்குருவிகள் வேலியில் உட்கார்வதும் பறப்பதுமாக இருந்தன. அவளுக்கு அது போதும் போல இருந்தது.

திடீரென்று முற்றத்தில் ஒரு கூச்சல் எழுந்தது.

“நீ எல்லைக் கோட்ட மிதிச்ச! நான் பாத்தேன்! அது என் காய், குடு!”

“நான் மிதிக்கல! நீதான் ஏமாத்தற!”

“பொய்! பொய்! நீ எப்பவும் இப்படித்தான், குடுடி!”

ஜிபார் ரயானாவின் எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, காலால் தரையை உதைத்தாள். வேலிப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அனார்கான், உன் பிள்ளைங்க அடிச்சுக்கறாங்க, போய்ப் பாரு” என்றாள் பின்னால் வந்த ரைகான்.

“கொஞ்சம் அடிச்சுக்கட்டும் அக்கா” என்று சொல்லிவிட்டு அனார்கான் டீயை இன்னொரு வாய் குடித்தாள்.